மலருக்கு நான் சொன்ன ஆஜர்

மஞ்சக்குட்டை,
வியாழக்கிழமை, காலை மணி பதினொன்று.

அன்பு மகள் பானுவுக்கு, அப்பா மாரியப்பன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஜெயபிரகாஷும் ஓசூரில் ஆளுக்கொரு ஷிப்டில் ஓடினாலும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை இல்லை, பனி உண்டு. பேத்தி மலர் சௌக்கியம். என் முழங்காலும் சௌக்கியம். மனசு ஒன்றுதான் சௌக்கியமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீடு பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் கிடைப்பது ஜீப் நிற்கும் வளைவில், சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும்தான். அங்கே எப்போதும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். இதை அவர்கள் காதில் விழும்படி சொல்ல என்னால் முடியாது. இரண்டாவது காரணம், போனுக்குள் மலருக்குப் பாடம் சொல்லித்தரும் அந்த யானைக்குட்டி இருக்கிறது. நான் பேசுவதைக் கேட்டு அது டீச்சரிடம் சொல்லாது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே பேனா எடுத்தேன். ஜீப் டிரைவர் யுவராஜின் மச்சான் இன்று மாலை ஓசூர் புறப்படுகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்ததும் நீ லீவு சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஏற்காட்டில் இருக்க வேண்டும். ஏன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

நீ ஏற்பாடு செய்தபடி இருபத்தாறு நாளைக்கு முன் பாடம் தொடங்கியது. ஆங்கில எழுத்துகளின் ஒலி மொத்தம் நாற்பத்திரண்டு. யானைக்குட்டி தினமும் இரண்டு மூன்று ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லும், பிறகு காதைப் பெரிதாக விரித்துக் காத்திருக்கும், குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் நட்சத்திரம், ஒரு நாள் தவறினால் உனக்கும் ஏற்காட்டுப் பள்ளி ஆன்மேரி டீச்சருக்கும் தகவல். நாற்பத்திரண்டும் முடித்து, டீச்சர் முன்னால் நேரில் சொல்லிக் காட்டினால், நம்மூர் பால்வாடியில் படித்த பிள்ளையானாலும் ஒன்றாம் வகுப்பில் இடம். இல்லையென்றால் மலரை ஓசூருக்கு அழைத்துப்போய் ஷிப்ட் நேரத்துக்குக் காப்பகத்தில் விடுவதாக நீ சொன்னாய். இதையெல்லாம் நோட்டில் எண் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். முறையில் நான் குறை வைக்கவில்லை, பானு. தினமும் காலை ஏழரைக்கு மலருக்குத் தலை சீவி, போனைத் துணியால் துடைத்து, வளைவுக்குப் போய் நின்றோம். முதல் இரண்டு நாள் சரியாகச் சொன்னாள். மூன்றாம் நாள் ஒரு ஒலி தவறியது. உடனே யானைக்குட்டியின் கண்ணிலிருந்து இரண்டு பெரிய சொட்டு நீர் விழுந்தது. மலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பெரிதாக நினைக்கவில்லை.

நாலாம் நாள் வாயைத் திறக்கவில்லை. யானை காதை விரித்துவிட்டது. கீழே நேரம் காட்டும் ஐந்து புள்ளி ஒவ்வொன்றாக அணைகிறது. "சொல்லு கண்ணு, சொல்லு சாமி" என்று கெஞ்சுகிறேன். ஜீப்புக்கு நிற்பவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். யுவராஜ் வேறு ஆரனை அடித்து, "ஏனுங் ரைட்டரய்யா, யானை வழி மறிச்சிருச்சுங்களா?" என்கிறான். நாலு புள்ளி போய்விட்டது. ஐந்தாவது மங்குகிறது. எனக்கு உன் முகமும், ஓசூர் காப்பகமும், சாயங்காலம் வெறும் வீட்டுக்குள் நான் ஒருத்தன் விளக்குப் போடுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குனிந்து, போனுக்கு அருகில் வாயை வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லிவிட்டேன். யானை எழுந்து ஆடியது. மலருக்கு நட்சத்திரம் என்று கூவியது. அன்று ஒரு நாளைக்குத்தான் என்று சத்தியமாக நினைத்தேன். இன்றோடு இருபத்துமூன்று நாள் ஆகிறது.

எளிதாக இருந்தது என்று நினைக்காதே. ஐம்பது வருஷத்துக்கு முன் ஆங்கிலத்தில் அறுபத்தெட்டு மார்க் வாங்கியவன் நான். எஸ்டேட் துரைமாருக்கு ஆங்கிலத்திலேயே ரிப்போர்ட் எழுதியவன். உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டிய ஒலியைப் பல்லால் கடித்துச் சொல்கிறேன் என்று யானை என்னை மூன்று முறை திருப்பி அனுப்பியது. எஸ்டேட்டில் இருந்த காலம் முழுக்கத் துரைமாரிடம் 'வெஸ்ட்' பிளாக்கின் பெயரைத் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் சிரித்ததெல்லாம் இதற்குத்தானோ என்று அன்று முழுவதும் யோசித்தேன். மறுநாளிலிருந்து கண்ணாடி முன் நின்று பழகினேன். மலர் எதிரே பலகையில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பாள். "நீயும் சொல்லேன் கண்ணு" என்றால், "நீங்களே சொல்லுங்க அப்புச்சி, உங்களுக்குத்தான் நட்சத்திரம் வருது" என்பாள். கீழுதட்டை மேல்பல்லால் தொட்டு ஊத வேண்டிய "ஃப்" வந்ததே, அதுதான் என்னைக் கொன்றது. ஊதிய வேகத்தில் மேல்வரிசைப் பல் செட் கழன்று போன் கண்ணாடி மேலேயே விழுந்துவிட்டது. யானை என்ன நினைத்ததோ, கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அதிலிருந்து அந்த ஒலிக்கு மட்டும் இரண்டு விரலால் பல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

பல் விழுந்த அன்றுதான் ஜீப் வளைவில் அம்மணியிடம் மாட்டிக்கொண்டேன். ஏரிக்கரையில் பழம் விற்கப் போகிறதே, நம் எஸ்டேட்டில் இருந்த அம்மணி, அதுதான். எஸ்டேட்டில் மஸ்டர் எடுக்கும் முறை உனக்குத் தெரியும். விடியற்காலைப் பனியில் முகம் தெரியாது. நான் செக்ரோல் ஆஜர் நோட்டைப் பார்த்துப் பேர் வாசிப்பேன், "வந்தேனுங்க" என்று குரல் வரும், குரலை வைத்துத்தான் ஆஜர் போடுவேன். உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் ஆளுக்குப் பக்கத்து ஆள் குரல் கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கள்ளக் குரலையும் நான் விட்டதில்லை. அம்மணி தன் தங்கைக்காகக் குரல் மாற்றிச் சொன்னதைப் பிடித்து இரண்டு பேருக்கும் ஆப்சென்ட் போட்டவனும் நான்தான். அம்மணி பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, போன் மேல் கிடந்த பல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஏனுங்க ரைட்டரே, எந்தங்கச்சி காய்ச்சல்ல கெடந்தப்போ நான் ஒரே ஒரு 'வந்தேனுங்க' சொன்னேன். ஊரே பாக்க நிக்க வெச்சுக் கேட்டீங்க, ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது அம்மணி."

"இப்ப இந்தப் புள்ளைக்குப் பதிலா நீங்க சொல்றதுக்குப் பேரு என்னங்க?"

"பாடமுங்க" என்றேன்.

"நொம்ப நல்ல பாடமுங்க. இந்த யானைக்கு உங்களாட்டக் காது இல்ல, அதான் தப்பிச்சீங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டது. அதோடு விடவில்லை. மறுநாளிலிருந்து ஜீப்புக்கு நிற்கும் கூட்டமே என்னுடன் சேர்ந்து ஒலி சொல்ல ஆரம்பித்தது. பாம்பு மாதிரி ஒன்பது பேர் சீறினால் ரோட்டில் போகிற டூரிஸ்ட் வண்டி நின்று பார்க்காதா? பார்த்தது. போட்டோவும் எடுத்தார்கள்.

போன வாரம் ஆன்மேரி டீச்சர் கூப்பிட்டார். "இருபத்துநாலு பிள்ளைங்கள்ல மலர்தான் சார் முதல். ஒரே ஒரு சந்தேகம். குழந்தைக்குத் தொண்டை கட்டியிருக்கா? குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கு" என்றார். பனி என்று சொன்னேன். பனி இருக்கத்தான் செய்கிறது, அது பொய்யில்லை. அன்று சாயங்காலமே நீ கூப்பிட்டு மலருக்கு மிளகுப்பால் கொடுக்கச் சொன்னாய். கொடுத்தோம் என்று மறுநாள் சொன்னேன். குடித்தது நான்தான். கரகரப்பு என் தொண்டையில் இருக்கும்போது பிள்ளைக்கு எதற்குக் காரம் என்று பார்த்தேன்.

நேற்று மனசு தாளாமல், உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறி ஏற்காட்டுக்கே போனேன். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் மூன்று வரியாக எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பள்ளி கேட்டில் இருபது நிமிஷம் நின்றேன். டீச்சரே பார்த்துவிட்டு உள்ளே அழைத்து உட்காரவைத்து, "உங்களை மாதிரி ஒருத்தர் வீட்டுக்கு வீடு இருந்தாப் போதும் சார். சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாப் பெற்றோரும் வர்றாங்க. மலர் நாற்பத்திரண்டையும் சொல்லிக் காட்டட்டும். அப்புறம் வீட்டுல எப்படிப் பழக்குனீங்கன்னு நீங்க ஐந்து நிமிஷம் பேசுங்க" என்றார். துண்டுச் சீட்டு பையிலேயே இருந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். கண்டக்டர் தப்பான ஊருக்கு டிக்கெட் கிழித்தாலும் அந்த ஊரிலேயே இறங்கிக்கொள்கிறவன் நான்.

ஆக நிலைமை இதுதான். நாளை மறுநாள் மலர் இருபத்துமூன்று பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கப் போகிறாள். அவள் அவமானப்படுவாள், இடம் போகும், அவளும் ஓசூருக்குப் போவாள். மூன்றுக்கும் காரணம் நான். நீ வந்து பக்கத்தில் நின்றால் ஒருவேளை அவள் பேசலாம். இல்லாவிட்டால் நீயாவது டீச்சரிடம் சொல்லிவிடு. நீ சிறுபிள்ளையிலிருந்தே தைரியசாலி. உன் அம்மா மாதிரி.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் சேர்வராயசாமி துணை நிற்கட்டும். கோபம் தணிந்தபிறகு மறக்காமல் சாப்பிடு.

உன் அப்பா,
மாரியப்பன்,
ரைட்டர் (ஓய்வு).

பின்குறிப்பு. சனிக்கிழமை, மாலை மணி நாலு.

யுவராஜ் இந்தக் கடிதத்தை இன்று காலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "மன்னிச்சுக்கோங்க ரைட்டரய்யா, சாமி படத்துக்குப் பின்னால சொருகி வெச்சது, திருவிழா சவாரியில மறந்தே போச்சுங்க" என்றான். நீ வரமாட்டாய் என்பது எனக்கு ஏற்காடு போகும் ஜீப்பில்தான் தெரிந்தது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மலர் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் டீச்சர் பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "மலர்" என்றார். பானு, என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. நான் எழுந்து நின்று, "வந்தேனுங்க" என்றேன்.

கூடமே சிரித்தது. மலர் என் வேட்டியை இழுத்து, "அப்புச்சி, உக்காருங்க, என்னையத்தான் கூப்புடறாங்க" என்றாள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. எழுந்தது எழுந்தாயிற்று. "டீச்சர், இருபத்துநாலு நாளா போன்ல பேசுனது நாந்தானுங்க. புள்ள பேசலீங்க. தப்பு என்னுதுங்க" என்று சொல்லிவிட்டேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, மற்றவர்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருபத்துநாலு வீட்டில் பதினைந்து வீட்டார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா போனை மெதுவாகப் பைக்குள் தள்ளினார். மஸ்டர் எடுத்த கண், எண்ணிக்கை தப்பாது.

"போன் யாருக்கும் வேண்டாம். பிள்ளைங்க மட்டும் வாங்க" என்றார் டீச்சர். முதல் ஆள் மலர். முன்னால் போய் நின்றாள். வாய் மூடியே இருந்தது. நான் மனசுக்குள் புள்ளிகளை எண்ணினேன். ஒன்று போனது. இரண்டு போனது. நாலு போனது. அப்போது அவள் என்னைப் போலவே ஒருமுறை செருமினாள். இல்லாத மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டும், வரிசை மாறாமல், ஒன்றுகூடத் தவறாமல். யானை என்னை மூன்று முறை திருப்பி அனுப்பிய ஒலியை உதடு குவித்து ஒரே தடவையில் சொன்னாள்.

இடம் கிடைத்துவிட்டது. ஜூனில் பள்ளி திறக்கும் அன்றே வரச் சொல்லிவிட்டார்கள். ஜீப்பில் திரும்பும்போது, "போன்கிட்ட ஏன் கண்ணு பேசல?" என்று கேட்டேன். "தப்பாச் சொன்னா யானை அழுவுதுங்க அப்புச்சி. டீச்சர் அழுவமாட்டாங்க" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மணி, "இன்னைக்கு ரெண்டு பேருக்கும் ஆஜர் போட்டுக்கோங்க ரைட்டரே" என்றது.

ஆகவே மேலே எழுதியது எதுவும் இனிச் செல்லாது. கிழித்துப் போட்டிருப்பேன். செக்ரோலில் எழுதியதை அடிக்கக் கூடாது, கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது முறை என்பதால் அப்படியே அனுப்புகிறேன். லீவு போட வேண்டாம்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நீ ஒருமுறை வந்து போக வேண்டும். "ஃப்" சொல்லும்போது மலர் இரண்டு விரலால் மேல்பல்லை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள். டீச்சர் பல் ஆடுகிறதா என்று கேட்டார். உனக்குப் பல் செட் இல்லை கண்ணு, பிடிக்க வேண்டாம் என்று மலரிடம் நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லிவிட்டேன், நம்ப மாட்டேன் என்கிறாள். அவளுக்குப் பின்னால் வந்து சொன்ன இருபத்துமூன்று பிள்ளைகளும் அப்படியே பல்லைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

மா.