முதல் நாள் எங்கே படுத்தவர்?

தான் பிறந்ததையே நம்பாத மனிதர் ரொறன்ரோ நகரத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் அத்தாட்சி அண்ணை.

அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு சித்திரை மாதத் தேதி இருக்கிறது. அவருடைய தாயாரோ அதற்கு முந்திய வருஷம் மாசியில், பக்கத்து வளவில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட அன்று பெற்றதாகச் சாகும்வரை சொன்னார். கடதாசிக்கும் தாய்க்கும் பதினான்கு மாதம் இடைவெளி. "விசாரணை முடியேல்லை" என்று சொல்லி அண்ணை பிறந்தநாளே கொண்டாடுவதில்லை. யாராவது கேக் வாங்கிக்கொண்டு போனால், "உது எந்தத் தேதிக்கு?" என்று கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புவார்.

அகதி விசாரணை நடந்தபோது நடுவர் ஒரு முழுப் பகல் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாராம்: ஆதாரம் எங்கே? அண்ணை வழக்கில் வென்றார். ஆனால் அந்தக் கேள்வி அவரோடேயே வீட்டுக்கு வந்து குடியிருந்துவிட்டது. டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் அவர் முன்னால் யாரும் வாய்க்கு வந்தபடி எதையும் சொல்லமுடியாது. காய்ச்சல் என்றால் எத்தனை பாகை என்பார். மழை என்றால் யன்னலைத் திறந்து கையை நீட்டுவார்.

ஒருமுறை செத்தவீட்டில் ஒரு பேச்சாளர், அமரர் இளவயதில் கரப்பந்தாட்டத்தில் மூன்று கோப்பை வென்றவர் என்று உருகினார். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"மூண்டுக்கும் படம் இருக்கோ?"

அமரரின் மகன் ரோசத்தோடு வீட்டுக்குப் போய்ப் பழைய அல்பத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டான். அண்ணை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு பெட்டிக்குக் கிட்டப் போய்க் கைகூப்பிச் சொன்னார்: "ரெண்டு சரி."

நாலு நாளாக அழுதுகொண்டிருந்த அமரரின் மனைவி அப்போதுதான் சிரித்தார். "என்னட்டையும் மூண்டெண்டு சொல்லித்தான் கலியாணம் கட்டினவர்."

இன்னொருமுறை கோப்பிக்கடையில் யோகன் மாட்டிக்கொண்டான். யோகன் வன்னி ஆள், எங்களோடு பாண் பேக்கரியில் வேலை செய்தவன். "எங்கட பாட்டன்தான் அந்தப் பக்கம் முதல் முதல் காடு வெட்டிக் குடியேறினவர். சிறுத்தையை மண்வெட்டியால அடிச்சவர்" என்று அவன் தொடங்கினான்.

"காணிப் பெமிற் கடதாசி இருக்கோ?" என்றார் அண்ணை.

"சண்டையில வீட்டோட எரிஞ்சு போச்சண்ணை."

"அப்ப பாட்டனும் இல்லை, சிறுத்தையும் இல்லை."

யோகன் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனான். ஆறு மாதம் அவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் பெக்கி வந்து சேர்ந்தார். பெக்கி எங்கள் மாடியில் கடைசிக் கதவு. எண்பத்துநாலு வயது வெள்ளைக்கார மனுசி, பார்வை மங்கல், பிள்ளைகள் இல்லை. அவருடைய ஊர் வடக்கே மூன்று மணித்தியால ஓட்டத்தில், ஒரு ஏரிக்கரை. ஒருநாள் துணி தோய்க்கும் அறையில் அண்ணையிடம் ஒரு கடிதத்தை நீட்டி உதவி கேட்டார். ஏரிக்கரையில் ஊர்க் கமிட்டி ஒரு வெண்கலப் பலகை நடப்போகிறது. "இந்தக் கரைக்கு முதலில் வந்தவர் டங்கன்" என்று அதில் எழுதப்போகிறார்கள். டங்கன் கமிட்டித் தலைவரின் பூட்டன்.

பெக்கி ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன். "முதல் வந்தது என்ர பூட்டி ஹன்னா. புருஷன் மரம் வெட்டப் போயிட்டான். அவள் தனிய, உறைஞ்ச ஏரிக்கு மேலால இரும்பு அடுப்பைச் சறுக்கு வண்டியில இழுத்துக்கொண்டு வந்தவள். நடு ஏரியில மீன் பிடிச்சுக்கொண்டிருந்த பூர்வகுடிப் பெண்டுகள் ரெண்டுபேர்தான் பனிக்கட்டி எங்க தடிப்பு எண்டு காட்டி விட்டவை. கரையில ஏத்தேக்க அடுப்பு விழுந்து ஒரு கால் முறிஞ்சுது. சாகுமட்டும் அந்தக் காலுக்குப் பதிலா ஒரு கல்லைத்தான் வச்சிருந்தவள். பிறகு பொரிக்கிற சட்டியால ஒரு கரடியை அடிச்சுக் கொன்றவள். நான் போனா இதைச் சொல்ல வேற வாய் இல்லை."

அண்ணை தன் குறிப்புக் கொப்பியில் இரண்டு நிரல் போட்டார். இடப்பக்கம் கடதாசி, வலப்பக்கம் வாய். அடுத்த மூன்று மாதம் அவர் நூலகத்தில் கிடந்தார். பழைய காணிப் பதிவு, குடிசன மதிப்பு, வரைபடம் என்று எல்லாவற்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் மேய்ந்தார். முடிவில் பெக்கியின் கதவைத் தட்டினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"டங்கன்ர காணிக் கடதாசி முதல். உங்கட குடும்பத்தின்ர கடதாசி ரெண்டு வருஷம் பிந்தி. அதுவும் புருஷன்ர பேரில. ஹன்னா எண்ட பேர் ஒரு இடத்திலயும் இல்லை. அடுப்புக் கால் சோடிச்ச கதை. கரடி பொய்."

பெக்கி திட்டவில்லை. "நன்றி" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினார். ஓங்கி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோப்பிக்குப் போக லிப்றில் இறங்கும்போது எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாத்திரம் கழுவி, லொறி ஓட்டி, அல்பேட்டாவில் மாடு உரித்து, திரும்பவும் இங்கே வந்து பாத்திரம் கழுவியவன். காணிப் பதிவெல்லாம் எனக்கு விளங்காது. ஆனால் ஒன்று நினைவு வந்தது.

"அண்ணை, முந்தி சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டில நாங்கள் எத்தினை வருஷம் இருந்தனாங்கள்?"

"மூண்டு. ஏன் கேக்கிறீர்?"

"கடதாசியைக் காட்டுங்கோ பாப்பம்."

அண்ணையின் கை சட்டைப்பைக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது.

அந்த வீட்டின் லீஸ் எனும் வாடகைப் பத்திரத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. தரையில் ஒன்பது பாய் இருந்தது. கட்டட மேலாளர் பார்வையிட வரும் நாளில் எட்டுப்பேர் பாயைச் சுருட்டி மறைத்துவிட்டுப் பதினாறு மாடியும் படியால் இறங்குவோம். பிறகு பனிக்குள், தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் ஏறி, நகரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வருவோம். ரொறன்ரோ மாநகரத்தின் எந்தக் கடதாசிப்படி பார்த்தாலும் அண்ணையும் நானும் அந்த மூன்று வருஷம் இந்த ஊரிலேயே இல்லை.

"சொல்லுங்கோவன். எங்க இருந்தனீங்கள்?" என்றேன்.

லிப்ற் கீழே வந்து கதவு திறந்தது. நான் இறங்கினேன், அண்ணை இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. அவர் தனியே உச்சி மாடிவரை போய், திரும்பி வந்து, மறுபடி போனார். மூன்றாம் தடவை கதவு திறந்தபோது வெளியே ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, காணி புருஷன்ர பேரில. புருஷன் காட்டில மரம் வெட்டுறான். அவன் வந்தாப்பிறகுதானே கடதாசி! அதுவரைக்கும் அந்த மனிசி ஆர்? லீசில பேரில்லாமப் பாயில படுத்த ஆள்!"

"அப்ப ஹன்னா முதல் வந்தது உண்மையோ?"

"வந்திருக்கலாம். இருக்கலாம் எண்டது அத்தாட்சி இல்லை." சொல்லிவிட்டு அண்ணை நெற்றியைத் தேய்த்தார். "கமிட்டிக் கூட்டம் எப்ப?"

சனிக்கிழமை. எங்கள் பேக்கரி வானிலிருந்து பாண் தட்டுகளை இறக்கிவிட்டு, பெக்கியை முன்னால் இருத்தி, அண்ணையைப் பின்னால் ஒரு கவிழ்த்த வாளியில் இருத்திக்கொண்டு வடக்கே விட்டேன். வழிநெடுக அண்ணையின் மடியில் ஒரு பைல் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பெக்கி என்னிடம் இரண்டுதரம் கேட்டார். எனக்கும் தெரியாது.

ஊர் மண்டபத்தில் ஐந்துபேர் நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் டங்கனின் பூட்டப்பிள்ளை. ஆறடி ஆள், நல்ல மனிதர், எங்களுக்குத் தன் கையாலேயே கோப்பி ஊற்றித் தந்தார். பிறகு மேசையில் இரண்டு கடதாசியின் பிரதிகளை வைத்தார். "பெக்கி, உன் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் இதோ என் பூட்டனின் கடதாசி. இது உன் பூட்டனுடையது, இரண்டு வருஷம் பிந்தியது. கதைக்கு நான் வெண்கலம் வார்க்க முடியாது. நீயே சொல்."

பெக்கி தலை குனிந்து கைப்பையின் வாரைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அண்ணை எழும்பிப் பைலைத் திறந்தார். உள்ளே ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் மட்டும் இருந்தன. முப்பது வருஷமாக ஊரெல்லாம் கடதாசி கேட்ட மனிதர், வெறும் தாளோடு வந்திருக்கிறார்!

"சேர், ஒரு கேள்வி" என்றார். அவருடைய ஆங்கிலமும் யாழ்ப்பாணத்தில் பிறந்ததுதான். "உங்கட டங்கன் இஞ்ச வந்த முதல் நாள் எங்க படுத்தவர்?"

தலைவர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார்.

"அதுதான் எங்கள் குடும்பத்தின் பெரிய கதை. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் சொல்வோம். டங்கன் ஏரியைக் கடக்கும்போது பனிக்கட்டி உடைந்து இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். கரைக்குத் தவழ்ந்து வந்தபோது கால் இரண்டும் மரக்கட்டை. ஒரு பெண் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போய் அடுப்படியில் போட்டாள். மூன்று நாள் அங்கேயே கிடந்தார். அந்த அடுப்பையும் சொல்லுவார்கள், ஒரு கால் இல்லாத நொண்டி அடுப்பு, அதற்குக் கீழே ஒரு கல்லை..."

அந்தக் 'கல்' அவர் வாயிலேயே நின்றது.

கமிட்டியில் இருந்த ஒரு அம்மா கோப்பியைக் கீழே வைத்தார். பெக்கி நிமிர்ந்தார். அண்ணையைப் பார்த்தேன். அவருக்கே அடுப்புக் கால் வருமென்று தெரியாது.

"சேர்," என்றார் மெதுவாக, "ஒருத்தரும் இல்லாத கரையில அடுப்பு மூட்டினது ஆர்?"

தலைவர் இரண்டு கடதாசியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அவற்றைக் கவிழ்த்து வைத்தார். "கடவுளே, அது ஹன்னா" என்றார். எழும்பி வந்து பெக்கியின் முன்னால் முழங்காலில் இருந்தார். "பெக்கி, உன் பூட்டி இல்லாவிட்டால் நானே இல்லை."

பெக்கி அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மண்டபம் கைதட்டியது. மற்ற நாலுபேர் தட்டினால் இவ்வளவு சத்தம் வருமென்று அன்றுதான் கண்டேன்.

அதற்குள் ஒருவர் உற்சாகமாக, "அப்படியானால் 'முதலில் வந்தவர் ஹன்னா' என்று மாற்றுவோம்" என்றார்.

"பொறுங்கோ" என்றார் அண்ணை. விடுவாரா? "ஹன்னாவுக்கு ஏரியில வழி காட்டினவை ஆர்? ஹன்னா வரேக்க அவை மீன் பிடிச்சுக்கொண்டெல்லோ இருந்தவை!"

பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அந்த வெள்ளைத் தாளில் எழுதினோம். 'முதல்' என்ற சொல் அதில் வரவில்லை. இலை உதிர்காலத்தில் பலகை நட்டார்கள். பார்வை மங்கிய பெக்கி விரலால் தடவித்தடவி வாசித்தார்: "டங்கன் இந்தக் கரைக்கு வந்தபோது ஹன்னாவின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஹன்னா வந்தபோது அவருக்கு வழி காட்டிய மக்கள் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்."

"கரடி?" என்று பெக்கி கேட்டார்.

"கரடி இல்லை, மிஸிஸ் பெக்கி."

திரும்பி வரும் வழியில் அண்ணை வாளியில் இருந்தபடியே யோகனுக்கு டெலிபோன் எடுத்தார். "யோகன், உம்மட பாட்டன் காடு வெட்டினது சரி. ஆனா அவர் வந்து இறங்கின வீட்டில இருந்தவை ஆர் எண்டு விசாரியும். சிறுத்தை இன்னும் சந்தேகத்திலதான் கிடக்கு." மறுமுனையில் யோகன் என்ன சொன்னான் என்று தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறு கோப்பிக்கு அவன்தான் அழைத்தான்.

பிறகு இந்த வருஷம் மாசியில் ஒருநாள் அண்ணை என் கதவைத் தட்டினார். கையில் கேக் பெட்டி. பின்னால் பெக்கி, அவருக்குப் பின்னால் யோகன்.

"இண்டைக்கு என்ன விசேஷம் அண்ணை?"

"பிறந்தநாள்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கிணத்தில தண்ணி கண்ட நாளை அந்தக் கிணத்துக்காரரும் அம்மாவைப் போலவே சொல்லுறவையாம். போன கிழமைதான் ஊருக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டனான். அப்பா பதியப் பிந்திட்டார் போல. அம்மா சொன்னது சரி தம்பி."

மெழுகுதிரிப் பெட்டியை என்னிடம் தந்தார். தாயாரின் பேச்சுப்படி அறுபத்தொன்பது. கடதாசிப்படி இன்னும் அறுபத்தேழுதான். நான் கேக்கில் அறுபத்தேழு திரியோடு நிறுத்திக்கொண்டேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு ஆதாரம் கேட்டார். நான் தீக்குச்சியைக் கிழித்தேன். கடதாசியை நம்பினால் இந்த மனிதர் எங்களோடு இன்னும் இரண்டு வருஷம் கூடுதலாக இருப்பார் என்பதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?