செலவில்லாத் தீவனம்

உலகத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பசியையே தீர்மானம் போட்டு ஒத்திவைத்த பெருமை, நைஜீரியாவில் உகெல்லிக்குப் பக்கத்திலிருக்கும் ஒற்றுமைக் கெளுத்தி வளர்ப்போர் சங்கத்தை மட்டுமே சேரும். அந்தத் தீர்மானத்தை எழுதியவர் செயலாளர் மமுசோ. அதன் நடையழகை அவரே வியந்ததுண்டு.

கப்பலில் வரும் டப்பாத் தீவனம் விலையேறி, சிறிய வளர்ப்பாளர்களின் கைக்கு எட்டாமல் போன சமயம் அது. தலைவர் சீஃப் ஒனொஜேவ்வே ஒரு பொதுத் தொட்டி கட்டினார்.

“எல்லாரும் மீன்குஞ்சுகள இதுல விடுங்க. இயற்கைத் தீவனத்துல வளத்து, சமமாப் பிரிச்சுக்கலாம்” என்றார்.

சிறியவர்கள் வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். நிர்வாகிகளின் குஞ்சுகள் ‘வந்துகொண்டிருந்தன’.

கோழி எச்சத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தண்ணீர் பச்சை பிடிக்கும். சில நாளில் பொடிப்பொடியாய்ப் பூச்சி மொய்க்கும். அள்ளிப் போட்டால் குஞ்சுகள் வயிறு முட்டத் தின்னும். இவ்வளவு எளிய காரியத்தை ஒரு சங்கம் எளிதாகச் செய்துவிடலாமா? ‘கோழி எச்சத் துணைக்குழு’ அமைந்தது. நாட்டுக்கோழியா, பண்ணைக்கோழியா என்பதில் குழு இரண்டாக உடைந்து, இரண்டுக்கும் தனித்தனித் தலைவர்கள் வந்தார்கள். தொட்டித் திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்கும்வரை தொட்டியில் யாரும் எதையும் போடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. தொட்டிக்கு வலைமூடி போட்டு, சுற்றிலும் வேலி கட்டி, சாவியை மமுசோவிடம் கொடுத்தார்கள்.

குஞ்சு விட்டவர்களில் ஒருத்தியான அக்பெவ்வே ஒரு நாள் வாளியோடு வந்து நின்றாள்.

“கதவத் தெறங்க, செயலாளரே. பூச்சி உயிரோட இருக்கு. செத்தா வீணாப்போயிரும்.”

“இது அனுமதி இல்லாத பூச்சிம்மா.”

“குஞ்சுங்க பட்டினி கெடக்கே.”

“பட்டினி இல்ல. விழாவுக்குக் காத்திருக்கு.”

“உங்க வீட்டுலயும் விருந்தாளி தேதி குடுத்தாத்தான் உலை வைப்பாங்களா?”

மமுசோவுக்குச் சுருக்கென்றது. சட்டைப்பையில் சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தீர்மானத்தை நினைத்துக்கொண்டார். மனம் சமாதானமாகிவிட்டது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

சில மாதங்கள் கழித்து விருந்தினர் ஒருவழியாக வந்தார். பந்தல், ஜெனரேட்டர், ஆளுக்கொரு மால்ட் பானம். ரிப்பன் வெட்டி, வலைமூடியை விலக்கினார்கள். தண்ணீரில் அசைவே இல்லை. கொஞ்ச நேரத்துக்குப் பின் கைநீளக் கெளுத்திகள் ஐந்தாறு மெல்ல மேலே வந்தன. ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

பசித்த கெளுத்தி கூடப்பிறந்ததையே தின்னும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

சீஃப் கலங்கவில்லை. மைக்கை வாங்கினார். “பாத்தீங்களா, தீவனமே போடாம எப்படி வளந்திருக்குன்னு. இதவிடக் குறைஞ்ச செலவு எங்கயாவது உண்டா?”

விருந்தினர் கைதட்டினார்.

“மத்ததெல்லாம் எங்க, சீஃப்?” என்றாள் அக்பெவ்வே.

“எங்கயும் போகலம்மா. தொட்டிக்குள்ளதான் இருக்கு. உருவந்தான் மாறியிருக்கு.”

மீன்கள் உறுப்பினர்களைவிடக் குறைவு. ஆகவே சமமாகப் பிரிக்க வழியில்லை. ‘பாதுகாப்பு கருதி’ அவற்றை நிர்வாகிகளின் குளங்களுக்கே அனுப்பினார்கள். மமுசோவுக்கும் ஒன்று கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்; வெளியே வந்தது நன்றி.

வாசலில் அக்பெவ்வே அவருடைய மீன் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

“பத்திரமாப் பாத்துக்கோங்க, செயலாளரே. அது வயித்துக்குள்ள எங்க தெருவே இருக்கு.”

அவர் பாத்திரத்தைத் துண்டால் மூடினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்களச் சங்கத்துல சேத்ததும் தீவனமாத்தானா?”

மமுசோ கடமை தவறாதவர். கூட்ட நடவடிக்கையில் அந்தக் கேள்வியை ஒரு சொல் விடாமல் பதிவு செய்தார், ‘உறுப்பினர் நன்றியுரை’ என்ற தலைப்பின் கீழ்.