செவுளில் குலம் பார்ப்பவர்

எதைக் கையில் கொடுத்தாலும் அதை அனுபவிப்பதற்கு முன் அதன் பிறப்பை விசாரிக்கிற மனிதர்கள் உண்டு. மாம்பழத்தை நீட்டினால் மரத்தைக் கேட்பார்கள். மரத்தைக் காட்டினால் ஒட்டா, விதையா என்பார்கள். அதற்குள் பழம் அழுகிவிடும். இவர்களுக்கு 'அசலர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். எல்லா ஊரிலும் பிழைத்துக்கிடக்கும் இந்த இனம் கொழுத்து வளர்வது சண்டை மீன் வளர்ப்பவர்கள் நடுவில்தான். நல்ல உருப்படியாக ஒன்று பார்க்க வேண்டுமா? தாய்லாந்தின் மஹாச்சாய்க்கு வாருங்கள். தாவீயைக் காட்டுகிறேன்.

தாவீக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாணமாகவில்லை, ஏன் என்பது போகப் போகத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக மண்சாடிகள், நாட்டு வாதாம் இலை ஊறித் தேநீர் நிறமான தண்ணீர், ஒவ்வொன்றிலும் உப்பங்கழியில் நிப்பா பனைகளின் அடியில் பிடித்த காட்டுச் சண்டை மீன். கறுத்த உடம்பு, பச்சை மினுக்கு, செவுள் மூடியில் இரண்டு பச்சைக் கோடு. அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பு தெரிந்தால் போதும், ஏதோ ஒரு தலைமுறையில் கடை மீன் ஒன்று சுவர் ஏறிக் குதித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கடுகைத் தேடித்தான் தாவீ பட்டப்பகலில் டார்ச் விளக்கோடு திரிந்தார். யாராவது புது மீன் வாங்கி, சந்தோஷத்தில் அக்கம்பக்கத்தைக் கூட்டி, இது வடகிழக்கு மீன், பாம்புச் செதில் மாதிரி கன்னமெல்லாம் பச்சை என்றோ, இது தெற்கத்தி மீன், வாலில் சிவப்புப் பிறையைப் பாருங்கள் என்றோ பெருமை பேசிக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முதுகை வளைத்து, புட்டியில் மூக்கு முட்டக் குனிந்து, டார்ச்சை அடித்து, அணைத்து, மறுபடி அடித்து, பெருமூச்சு விட்டு நிமிர்வார்.

"எந்த வாய்க்கால்ல பிடிச்சது?"

"சந்தையில வாங்கினேண்ணே."

"அப்ப கலப்பு."

அவ்வளவுதான். துக்கம் விசாரிக்க வந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். மீன் வாங்கியவன் அன்று நிம்மதியாகச் சாப்பிடுவானா?

மீனோடு விட்டாலும் பரவாயில்லை. வறுத்த கெளுத்தியைத் தட்டோடு திருப்பி அனுப்புவார்: "இதோட அப்பன் ஆப்பிரிக்கக் கெளுத்தி." மல்லிகை அரிசியை உள்ளங்கையில் பரப்பி, அந்நிய மணிகளைப் பொறுக்கித் தனியே வைப்பார். தெருநாய்க்குச் சோறு வைக்கச் சொன்னால் முதலில் அதன் காதை ஆராய்வார். நாய்க்கே அவரைக் கண்டால் கூச்சம்.

இப்படிப்பட்டவருக்குக் காதல் வந்தது. வந்த இடத்தைக் கேளுங்கள்.

புப்பா கணவனை இழந்தவள். சந்தை மூலையில், ஒரு காலத்தில் படகில் விற்றதால் 'படகு நூடுல்ஸ்' என்று பெயர் பெற்ற சூப்பு நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். கடைச் சுவர் நெடுகத் தட்டையான விஸ்கி புட்டிகள், ஒன்றையொன்று பார்த்துச் சிலிர்த்துக்கொள்ளாமலிருக்க நடுவில் அட்டைத் துண்டுகள். உள்ளே வளர்ப்புச் சண்டை மீன்கள்: பாதி நிலா வால், கிரீட வால், யானைக்காதுத் துடுப்பு, தாய்லாந்துக் கொடியின் மூன்று நிறத்தையும் உடம்பில் பூசிக்கொண்ட ஒன்று. யாருக்கு யார் அப்பன் என்று சில சமயம் அவளுக்கே தெரியாது. அசலருக்கு அது நரகம். அந்த நரகத்தில் தாவீ இரண்டு வேளையும், புட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

முதல் நாளே, எல்லோரும் சூப்பைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "மாட்டுச் சாறுன்னு போர்டு. உள்ள பன்னி எலும்புல்ல கெடக்கு."

உண்மைதான். புப்பாவின் கரண்டி நின்றது. செத்துப்போன அவள் புருஷன் அந்தச் சூப்பை நாளெல்லாம் புகழ்வான். புகழ்ந்துவிட்டு எதிர்க் கடைக்குச் சாப்பிடப் போவான். அன்றிலிருந்து தாவீயின் கிண்ணத்தில் ஓர் இறைச்சி உருண்டை கூடுதலாக விழுந்தது. ஏன் என்று சந்தைக்குப் புரியவில்லை. தாவீக்கும்தான்.

கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டார். "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா என்ன?"

"விகாரைத் திருவிழா முடியட்டும்ணே. காட்டு மீன் போட்டிக்கு நானும் ஒண்ணு கொண்டாறேன். நீங்கதான நடுவர்? அதப் பாத்து நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

சந்தையே புத்தி சொன்னது. காய்கறிக்கார காமோன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஒரே ஒரு மீனு. அசல்னு சொல்லிட்டா காலம் பூரா சுடுசோறு. வாயக் கெடுத்துக்காதீங்க."

திருவிழாவன்று அட்டைகளை எடுத்தார்கள். எதிர்ப் புட்டியைப் பார்த்ததும் புப்பாவின் மீன் செவுளை விரித்தது. பச்சைக் கோடுகளை ஒட்டி, உதட்டுச்சாயம் போட்ட மாதிரி பட்டையாகச் சிவப்பு. அதற்கு டார்ச் எதற்கு? பின்வரிசைக் குழந்தைக்கே தெரிந்தது.

தாவீ மீனைப் பார்த்தார். புப்பாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அசல்," என்றார். முதல் பரிசும் கொடுத்தார்.

காமோன் விசிலடித்தான். புப்பா ஒலிபெருக்கியை வாங்கி, "இதோட அப்பன் என் கடைச் சிவப்பு. நான்தான் சேத்து விட்டேன்," என்றாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு அவருக்கு மட்டும் கேட்கிறாற்போலச் சொன்னாள்: "புகழ்றதுக்கு ஊர்ல ஆளா இல்ல? உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு நெனச்சேன். நீங்களும் அந்த மனுசன் மாதிரிதான்."

தாவீ கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு ஒரு மத்தியானம், கடை நிறைந்திருந்தபோது வந்து உட்கார்ந்தார். புப்பா கிண்ணத்தை வைத்தாள். உருண்டை ஒன்றுகூட இல்லை.

"எப்படி இருக்கு?"

கடையில் எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். 'பிரமாதம்னு சொல்லித் தொலை' என்று காமோன் கண்ணாலேயே கெஞ்சினான். தாவீ இன்னொரு வாய் உறிஞ்சினார்.

"நூடுல்ஸ் நேத்து ஊறவெச்சது. கொத்தமல்லி அதுக்கும் முந்தி. சாறுல தண்ணி சேத்திருக்க."

புப்பா அடுப்பைக் குறைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எல்லாமே வேணும்னு செஞ்சது," என்றாள். "வர்ற மாசம் கல்யாணத்துக்குத் துறவிகளைக் கூப்பிடலாமா?"

கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் நீட்டிய பரிசுகளையெல்லாம் மாப்பிள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பெண் தடுக்கவில்லை. ஊரில் இப்போது யாரும் இந்தத் தம்பதியை விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்று சிரிக்கிறீர்களா? இவ்வளவு தூரம் படித்ததில் வேற்றுமொழிச் சொற்கள் எத்தனை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தவர் நீங்கள்தானே? தொகையை எனக்கு எழுத வேண்டாம். வீட்டில் உங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பவரிடம், டம்ளர் கைக்கு வந்தவுடன், அதில் சிக்கரி எவ்வளவு என்று சொல்லிப் பாருங்கள். எல்லோருக்கும் புப்பா வாய்ப்பதில்லை.