ஒன்றரை என்று ஒரு எண் கிடையாது

குறை காண்பவர்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். நான் சொல்ல வந்தது அதற்கும் ஒரு படி மேலே போன இனம். கண்ட குறையைச் சும்மா விடாமல், திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, இது எத்தனையாம் நம்பர் குறை என்று முடிவு கட்டிய பிறகுதான் இவர்களுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கும். குறைக்கு எண் போடுகிறவர்கள். பார்த்திருப்பீர்கள்.

இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி என் அடுத்த வீட்டில் குடியிருக்கிறார். மின் பாதுகாப்புப் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், வயரையும் சுவிட்சையும் சோதித்து அறிக்கை எழுதுவது உத்தியோகம். அறிக்கையில் மூன்றே எண்கள். ஒன்று என்றால், இப்போதே ஆபத்து, கையோடு நிறுத்து. இரண்டு என்றால், இன்றைக்குத் தப்பித்தாய், சீக்கிரம் சரிசெய். மூன்று என்றால், ஆபத்தில்லை, சரிசெய்தால் நல்லது. இந்த மூன்று எண்ணை வைத்துக்கொண்டு மனிதர் உலகத்தையே கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்க மாட்டார். அவர்கள் தலைக்கு மேலே தொங்கும் விளக்கைப் பார்த்து, "ரெண்டு" என்பார். மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுதபடி வந்தால், குனிந்து பார்த்து, "மூணு. போய் விளையாடு" என்பார். ஒருநாள் அவர் மனைவி புதுத்துணி உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "ஏங்க, இந்தக் கலர் எனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டார். கேட்கலாமா? "மூணு" என்றார் இவர். ஆபத்தில்லை, சரிசெய்தால் நல்லது. நாலு நாள் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்கவில்லை.

எண்ணை வாங்கிக்கொள்கிறவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஒரு கட்டடக்காரர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒண்ணா! எங்க பரம்பரையிலயே யாரும் முதல் ரேங்க் வாங்கினதில்ல சார்" என்று கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. மனைவியின் அண்ணன் ஒரு சலவைக்கூடம் நடத்துகிறார். நாலு பெரிய மெஷின், ஆறு பெண்கள் வேலைக்கு. விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்கும். உரிமம் புதுப்பிக்கப் பரிசோதனை அறிக்கை கேட்டார்கள். "நம்ம மாப்ள இருக்கறப்ப வெளியாள் எதுக்கு?" என்று மச்சான் பெருமையாகச் சொல்லியனுப்பினார்.

காலையில் கிளம்பும்போது மனைவி வாசலில் மறித்தார். "எங்க அண்ணன் கடைங்க. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

"பாத்துத்தானே போடுவேன்?"

"அந்தப் பாத்து இல்லங்க. இந்தப் பாத்து."

ஆரம்பம் அமர்க்களம். உடைந்த சுவிட்ச் மூடி, மூணு. மச்சான் சிரித்தார். சுவரோரம் தொங்கிய வயர், ரெண்டு. மச்சான் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார். கடைசியில் இருந்த நாலாவது மெஷினுக்கு முன்னால் மட்டும் தரையில் ஒரு மரப்பலகை கிடந்தது. பரிசோதகர் நின்றார். அங்கே மூத்த வேலைக்காரி, எல்லாருக்கும் பெரியக்கா, விரிப்புகளை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மட்டும் எதுக்குக்கா பலகை?"

"அது கடிக்கும் சார்."

"கடிக்குமா!"

"லேசாதான். பலகை மேல நின்னா கடிக்காது. மழை நாள்ல மட்டும் பலகை மேல நின்னாலும் கடிக்கும். போன மாசம் புதுசா வந்தவளுக்கு விஷயம் தெரியாது பாருங்க, வெறுங்காலோட தொட்டுட்டா. தூக்கி அந்த மூலைல போட்டுச்சு." பெரியக்கா ஒரு விரிப்பை உதறினார். "இப்பப் பழகிட்டா."

பரிசோதகர் மீட்டரை எடுத்து, ஒரு முனையை மெஷினின் உடம்பிலும் மறுமுனையைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தார். நூற்றெழுபது வோல்ட். மெஷினின் தகட்டில் மின்சாரம் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

"ஒண்ணு" என்றார்.

மச்சானின் சிரிப்பு நின்றது. "ஒண்ணு போட்டா மெஷினை நிறுத்தணுமே மாப்ளே?"

"இப்பவே நிறுத்தணும்."

"நாளைக்கு நானூறு விரிப்பு குடுத்தாகணும். ரெண்டு போடுங்க."

"ரெண்டு இல்ல, மச்சான்."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒண்ணரை போடுங்க."

"ஒண்ணரைன்னு ஒரு நம்பர் கிடையாது."

"நீங்க மனசு வெச்சா உண்டு!"

அதோடு விட்டாரா? செல்போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். "ஏங்க," என்றது போன், "அண்ணன் சொல்றதக் கொஞ்சம் கேளுங்களேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நம் ஆள் ஆடித்தான் போனார். நாலு நாள் மௌனத்தின் ருசி அவருக்குத் தெரியும். இது மச்சான் விவகாரம், நாற்பது நாளுக்குப் போகும். பேனா இரண்டு என்ற கட்டத்துக்கு மேலே போய் நின்றது. அப்போது அவர் பார்வை பலகைமேல் விழுந்தது. நின்று நின்று, இரண்டு பாதங்களின் அளவுக்கு மரமே தேய்ந்து பள்ளமாகியிருந்தது. ஆறு பேர் உயிரும் அந்தப் பள்ளத்துக்குள்தான் என்று அவருக்குப் பட்டது. பேனாவை நகர்த்தி, ஒன்று என்று அழுத்தி எழுதினார்.

மச்சானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பதினஞ்சு வருஷமா ஓடுற மெஷின்! என்னை என்ன பண்ணுது பாப்போம்!" என்று செருப்பை உதறிவிட்டு, சோப்புத் தண்ணீர் ஓடும் தரையில் வெறுங்காலோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மெஷினை நோக்கி நடந்தார்.

ஈரத்தரையில் ஓடுவது இரண்டாம் நம்பர் குறை என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவர் ஓடினார். மூன்றாவது எட்டில் வழுக்கினார். குப்புற விழுந்து, விழுந்த வேகத்திலேயே நுரையோடு சறுக்கிப் போய், கதவோரம் இருந்த மெயின் சுவிட்சை எட்டி ஓர் அடி அடித்தார். மெஷின்கள் நாலும் முனகி அடங்கின. அதே நொடியில் மச்சான் நாலாவது மெஷினைக் கட்டிப்பிடித்தார்.



"பாத்தீங்களா!" மெஷினை அணைத்தபடியே மச்சான் முழங்கினார். "என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல! இதுக்குப் போய் ஒண்ணாம், ஒண்ணு!"

ஆறு பெண்களும் மெயின் சுவிட்சைப் பார்த்தார்கள், தரையில் கிடக்கும் பரிசோதகரைப் பார்த்தார்கள், முதலாளியைப் பார்த்தார்கள். பெரியக்காதான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதலாளி... கரண்ட் இல்ல."

மச்சானின் கைகள் மெல்ல நழுவின. முகம் விரிப்பைவிட வெளுத்தது. புதிதாக வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தாள். அடுத்த நொடி கூடமே சிரித்தது.

மேசையில் போன் அலறிக்கொண்டிருந்தது. "என்னங்க அங்க சத்தம்? அண்ணனுக்கு என்ன?"

"ஒண்ணு போட்டுட்டேன்" என்றார் இவர், நுரையைத் துப்பியபடி.

"ஐயையோ! எங்க அண்ணனை அடிச்சீங்களா?"

"உங்க அண்ணனுக்கு இல்ல, மெஷினுக்கு! அவரு அதை வெறுங்காலோட கட்டிப்பிடிச்சாரு. நான் மெயினை அணைச்சேன்."

"அவருக்கும் ஒண்ணு போட்டிருக்கலாம்" என்றது போன்.

நாலாவது மெஷினின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, மற்ற மூன்றையும் ஓடவிட்டார்கள். சாயங்காலம் வந்த எலக்ட்ரீஷியன் மெஷினை நகர்த்திப் பார்த்தால், பின்னால் எர்த் வயரே இல்லை. "பச்சை வயர் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. கடிகாரம் மாட்ட அறுத்து எடுத்தேன்" என்று மச்சான் தரையைப் பார்த்துச் சொன்னார். புது வயர் போட்டு, மின்கசிவு இருந்தால் தானாகவே அணையும் சுவிட்சும் வைத்தாயிற்று. நானூறு விரிப்பும் அரைநாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. விடுதியில் ஒருவரும் கவனிக்கவில்லை. பெரியக்கா மெஷினைத் தொட்டுப் பார்த்து, "கடிக்கல. ஆனா தொடும்போது கண்ணு தானா மூடிக்குது" என்றாராம்.

இதில் வேடிக்கை, மச்சானுக்கும் தொற்றிவிட்டது. இப்போது உறவுக்காரர் வீட்டில் நுழைந்ததும் நலம் விசாரிப்பதில்லை. பிளக்கை ஆட்டிப் பார்த்து, "ரெண்டு" என்கிறார். தங்கை கணவரிடமும் அண்ணனிடமும் பேசுகிறார், ஆனால் புதுத்துணி எடுத்தால் அந்த இருவரிடமும் காட்டுவதில்லை.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டே உங்கள் வீட்டில் யார் ஒன்று, யார் மூன்று என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியதே, அதை நான் கவனித்தேன். பரவாயில்லை, போட்டதை அழிக்க வேண்டாம். அவர்கள் உங்களுக்கு எத்தனை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதீர்கள்.