மேற்குச் சுவரில் பீடம்

பேராயர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் என் தங்கை மகனுக்கு மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் ஆண்டு விழாவுக்குப் பேராயர் வருகிறார். ஆலய வரலாற்றை எழுதி வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் அத்தனை கல்லையும் பாசி சுரண்டிப் படித்தவன் இந்தச் சபையில் நான் ஒருவன்தான். மற்ற ஆலயங்களில் பீடம் கிழக்கே இருக்கும், நம்முடையதில் மேற்கே இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். காலை ஆராதனையில் வாசல் வழியாக வரும் வெயில் நேரே ஆயர் கண்ணில் அடிக்கும். பிரசங்கம் நீளக் கூடாது என்பதற்காக, ஆலயத்தைக் கட்டிய முதல் ஆயர் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது என்று எழுதினேன். ஆதாரம் இல்லாமல் எழுதுவேனா? அவர் கல்லறையில் 'அதிகம் பேசாதவர்' என்று வெட்டியிருக்கிறதே!

புதிதாக வந்த ஆயருக்கு அது போதவில்லை. "பெரியவரே, கட்டினவங்க திசை தெரியாம கட்டிட்டாங்க, அவ்வளவுதான். பேராயர் வர்றதுக்குள்ள பீடத்தைக் கிழக்கே மாத்திட்டு, மேற்கே ஒரு வாசல் திறந்துடலாம். நீங்க அந்தத் தாளை எடுத்துடுங்க" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். "அப்ப வரலாறை நானே வாசிச்சுக்கறேன்" என்கிறார். எந்த பெஞ்சுக்குக் கால் ஆடும் என்றுகூடத் தெரியாதவர் வரலாறு வாசிக்கப் போகிறார்! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறன்று நான் வாசிக்க எழுந்து நிற்க, இந்த ஆயர் பேராயர் முன்னாலேயே என்னை உட்காரச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. உன் அத்தையிடம் சொன்னால், "மேற்கே இருந்தா என்ன, கிழக்கே இருந்தா என்ன? நீங்க தூங்கத்தானே போறீங்க" என்கிறாள். கண்ணை மூடிக் கேட்பதற்கும் தூங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதவளோடு குடும்பம் நடத்துகிறேன் பார்த்துக்கோ. நாளைக்குச் சுவரை இடிக்கக் கொத்தனார் வேறு வருகிறார்.

ஆகையால் பேராயர் நல்ல மனநிலையில் இருக்கும்போது இதை அவரிடம் காட்டி, 'முதல் ஆயர் மேற்கே வைத்த பீடத்தை அசைக்க யாருக்கும் உரிமையில்லை' என்று ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு.

கர்த்தர் உன்னையும் உன் பெண்டாட்டி பிள்ளைகளையும் காப்பாராக. அந்த ஒரு வரியை வாங்கிவிட்டால் இன்னும் நன்றாகவே காப்பார்.

உன் மாமா

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. அதை யாரிடமும் காட்டாதே. இன்று காலை பீடத்துக்குப் பின்னால் காரையைப் பெயர்த்தால், உள்ளே பழைய வாசல் வளைவு! செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். "ஆதியில வாசல் இங்கதான்யா. பீடம் கிழக்கே இருந்திருக்கு. பின்னால வந்தவங்க திருப்பிட்டாங்க" என்றார் கொத்தனார். ஆயரோ சுவரின் கனத்தைப் பார்த்து, ஞாயிறுக்குள் இடித்து முடியாது என்று மிரண்டுபோய், "பெரியவரே, நமக்குள்ள எதுக்குச் சண்டை? பீடம் மேற்கேயே இருக்கட்டும். அந்தத் தாளையும் நீங்களே வாசிங்க" என்று இறங்கி வந்தார். நான் விடுவேனா? முதல் ஆயர் வைத்தது கிழக்கே. பேராயரிடம் அந்த வரியைக் கட்டாயம் வாங்கி அனுப்பு. மேற்கு என்பதை மட்டும் கிழக்கு என்று மாற்றிக்கொள்.