காராகெரின் ஏழுநாள் சராசரி

சூசாமிர் மேய்ச்சல் வெளி,
ஆகஸ்ட் 20.

மதிப்பிற்குரிய ஜும்கல்பெக் மாமாவுக்கு, மருமகள் பெகிமாய் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும், அத்தை நலமும், ஆடுகள் நலமும் அறிய ஆவல். நம் பெண்குதிரை காராகெர் நலமா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

சனிக்கிழமை கறி வியாபாரியோடு வரப்போகிறீர்களாம். தயவுசெய்து வர வேண்டாம்.

காராகெருக்குப் பால் வற்றிவிட்டதென்று, கறிக்கு விற்க அப்பா முடிவு கட்டிவிட்டார். குதிரைப்பால் குமிஸாகப் புளிக்கும் தோற்பை பாதிகூட நிறைவதில்லை. நான் பிஷ்கெக்கில் புள்ளியியல் படித்தவள். ஜூலையிலிருந்து தினமும் மாலை வாளியை அளந்து எழுதினேன். ஐந்து லிட்டர், மூன்று, ஐந்து, ஒன்றரை. இந்தத் துள்ளலை அடக்க நகரும் சராசரி போட்டேன். கடைசி மூன்று நாளைக் கூட்டி மூன்றால் வகுப்பது. மறுநாள் பழைய நாளைத் தள்ளிவிட்டுப் புதியதைச் சேர்ப்பது. கோடு சரிந்தது. அப்பா, "பாத்தியா?" என்றார். ஏழு நாளாக்கினேன். மெல்லச் சரிந்தது. பதினைந்து நாளாக்கினேன். படுத்தே விட்டது.

"இன்னும் நாளைக் கூட்டு. செத்த குதிரைகூடப் பால் குடுக்கும்," என்றார் அப்பா.

போன ஞாயிறு நான்கு லிட்டர் வருமென்று கணித்தேன். வந்தது முக்கால். என் படிப்பைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அது இன்னும் மோசம்.

திங்கட்கிழமை, அம்மா கறக்கையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாலையில் இரண்டு லாரிக்காரர்கள் இறங்கினார்கள். அம்மா கறந்த சூட்டோடு ஆளுக்கு இரண்டு கிண்ணம் கொடுத்தாள். மிச்சம்தான் வாளிக்கு.

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"விருந்தாளி குடிச்சத அளப்பாங்களாடி, வெக்கங்கெட்டவளே?"

நாற்பது நாளாக நான் சராசரி போட்டது குதிரைக்கு இல்லை. விருந்தாளிகளுக்கு. ஆகஸ்டில் சாலையில் ஆள் அதிகம். அவ்வளவுதான் அந்தச் சரிவு.

நோட்டைப் புரட்டினேன். மிகக் குறைந்த நான்கு நாட்களும் நீங்கள் வந்த நாட்கள், மாமா. குறையாகச் சொல்லவில்லை. எண்கள் அப்படி இருக்கின்றன.

அப்பாவிடம் சொன்னேன். "மச்சான் ஒருத்தன் குடிச்சா குதிரை வத்திடும்? கதை விடாத," என்றார். ஆகவே, நீங்கள் குடித்த கிண்ணங்களை நினைவிருக்கும்வரை எண்ணி, அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். காராகெர் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

உங்கள் புல் உயரட்டும். ஆடுகள் இரட்டை ஈனட்டும். அத்தையின் முழங்கால் வலி குறையட்டும்.

அன்புடன்,
பெகிமாய்

பி.கு. உங்கள் பக்கம் போகும் லாரிக்குக் காத்திருந்ததில் சனிக்கிழமையே வந்துவிட்டது. நீங்களும் வந்துவிட்டீர்கள், வியாபாரியோடு. அவரும் விருந்தாளிதானே. அம்மா ஊற்றினாள். ஏழாவது கிண்ணத்தில் அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "வத்திப்போன குதிரைன்னு சொன்னீங்களே, அது எங்கே?" என்றார். மாலையில் அப்பா என் நோட்டை வாங்கி, இன்றைய அளவைத் தானே எழுதினார்: பூஜ்யம். பிறகு காராகெரைக் குட்டியோடு மேய விட்டார்.

கடிதத்தை உங்கள் கையிலேயே தருகிறேன். மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமையும் வாருங்கள்.