மாணிக்கம் முதலாளியின் கறுப்பு வெள்ளைப் படம்

மிளகாய்த்தூளைப் பற்றி ஒரு மனிதப் பிறவியால் அதிகபட்சம் பதினொரு விஷயங்கள்தான் சொல்ல முடியும். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். சிவப்பாக இருக்கும், காரமாக இருக்கும், கலப்படம் கிடையாது என்று தொடங்கி, கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவவும் என்பது வரைக்கும் இழுத்துப் பிடித்தால் பதினொன்று வரும். பன்னிரண்டாவதாக ஒன்றைச் சொல்லப் போய்த்தான் நான் ஊர் சிரிக்க நின்றேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, கண்டியில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்துவிட்டு, வத்தேகமயில் ஒரு மசாலாத்தூள் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். (கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னால் முதலாளி மறுபடியும் வருத்தப்படுவார்.) கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கீழே அரைக்கிற மெசின் இரண்டு, பாக்கெட் ஒட்டுகிற அக்காமார் நான்கு பேர், மேலே தகரக் கூரைக்குக் கீழே ஒரு கம்பியூட்டரும் நானும். கம்பெனியின் முகநூல் பக்கத்தில் தினமும் புதிதாக ஏதாவது போட வேண்டும், அதுதான் என் வேலை. தோட்டத்தில் கேட்டவர்களிடம் 'மீடியா மெனேஜர்' என்று சொல்லி வைத்திருந்தேன். என் அம்மா அதை இன்னும் கொஞ்சம் வளர்த்து, மகள் டிவியில் வேலை செய்கிறாள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார். செய்தி வாசிக்கிற நேரத்தில் என்னைக் காணவில்லையே என்று பக்கத்துக் காம்பரா வீட்டில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று கடிதம் தருவார்கள். கடிதம் வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அதே லயத்துக்குத்தான் திரும்ப வேண்டும். டிவி ஏன் வேண்டாம் என்று சொன்னது என்பதை ஒவ்வொரு காம்பராவாக நின்று விளக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் பாதி ஓடியபோது என் சரக்கு தீர்ந்துவிட்டது. ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் போட்டேன். 'இந்தப் படத்தில் எத்தனை மிளகாய்கள்?' என்று போட்டி வைத்தேன். பதில் சொன்னது மூன்று பேர். ஒன்று நான், இன்னொன்று என் தோழி, மூன்றாமவர் எந்தப் பதிவுக்கும் 'இந்தப் பக்கத்தை நடத்துபவர் கல்யாணம் ஆனவரா?' என்று கேட்கிற யாரோ ஒருவர்.

ஒரு வியாழக்கிழமை மாணிக்கம் முதலாளி படியேறி மேலே வந்தார். அறுபது தாண்டிய மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் அவர் தொண்டையைச் செருமினால் கீழே மெசினே நின்றுவிடும்.

"என்னா புள்ள, பேஸ்புக்கத் தொறந்தா கொச்சிக்கா, மூடுனா கொச்சிக்கா. இந்த மொளகாத்தூளத்தானே கீழயும் நாள் பூரா பாக்குறோம். புதுசா ஒன்னுமே இல்லயா?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன் ஐயா."

"செவ்வாக்கெழம ஒனக்குக் கடிதம் அடிக்கிறதா வேணாமான்னு தம்பி கேக்குறான். அதுக்குள்ள யோசிச்சிரு."

தம்பி என்றது அவருடைய மகன் சுதர்சனை. கொழும்பில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறவர். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று வாரா வாரம் போனில் கேட்டு என் உயிரை வாங்குகிறவர்.

அன்றிரவு வத்தேகம வாடகை அறையில் சாப்பாடு கூட இல்லாமல் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பக்கங்களைத் துருவினேன். பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் தங்களைத் தொடங்கிய மனிதரின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டு, கீழே நாலு வரி உருக்கமாக எழுதியிருந்தன. லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். ஆகா, இதுதான் என்று துள்ளிக் குதித்தேன். மறுநாள் காலையே முதலாளியை ஜன்னல் பக்கம் நிறுத்திவிட்டேன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, தூரத்துப் பார்வை.

"கொஞ்சம் சிரிங்க ஐயா."

"கொச்சிக்கா விக்கிறவன் சிரிச்சா கலப்படம்னு நெனப்பாங்க. நீ எடு."

எடுத்தேன். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினேன். வெறுமையாக இருந்ததால் சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு போட்டேன். எங்கள் கம்பெனியின் சின்னம் குத்துவிளக்கு. அதை வழக்கம் போல மூலையில் வைத்தேன். கீழே இப்படி எழுதினேன்: 'நாற்பது ஆண்டுகளாக நம் வீட்டுச் சமையலுக்கு மணம் தந்த மாமனிதர். எளிமையின் உருவம். உழைப்பின் சிகரம். எங்கள் மாணிக்கம் ஐயா. மேலதிக விபரங்கள் விரைவில்.'

மேலதிக விபரம் என்றது, திங்கட்கிழமை வரவிருந்த புதிய கறித்தூள் பாக்கெட்டை. ஆட்களைக் கொஞ்சம் ஏங்க வைக்கலாமே என்று நினைத்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. (அப்போதாவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.) மறுநாள் சனிக்கிழமை போயா, பௌர்ணமி லீவு. காலை ஆறு மணிக்குத் தானாகவே வெளியாகும்படி நேரம் குறித்து வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. சனிக்கிழமை காலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாமல் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா திட்டத் திட்ட ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்துக் கண்டிக்குப் புறப்பட்டேன். மூன்றாவது வளைவில் போன் நடுங்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. திறந்து பார்த்தால் ஆயிரத்து எண்ணூறு பேர்! அதில் முக்கால்வாசி அழுகிற முகம். ஊரே உருகிவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அக்காவிடம் காட்டினேன்.

"அக்கா, இது நான் போட்டது."

அக்கா படத்தைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார். "அடப் பாவமே. ஒங்களுக்கு என்னா மொற வேணும்?"

முறையா? அப்போதுதான் கீழே இருந்தவற்றை வாசித்தேன். 'ஆழ்ந்த அனுதாபங்கள்.' 'நல்ல மனுசன், இவ்வளவு சீக்கிரமா?' 'எப்ப எடுக்கிறாங்க?'

இந்த இடத்தில் புத்தியுள்ள எந்தப் பெண்ணும் 'ஐயையோ, நாம் போட்ட படம் மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறதே' என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை. முதலாளி நிஜமாகவே இறந்துவிட்டார் என்று நினைத்தேன். இரவோடு இரவாக உயிர் போய்விட்டது, நான் அவசரமாக எடுத்த படம்தான் கடைசிப் படமாகப் போய்விட்டது என்று ஓவென்று அழுதேன். அக்கா என் முதுகைத் தடவினார். நடத்துனர் தண்ணீர்ப் போத்தல் தந்தார். அழுகையின் நடுவே, செவ்வாய்க்கிழமைக் கடிதத்தில் இனி யார் கையெழுத்துப் போடுவார் என்ற கேள்வி ஒருமுறை எட்டிப் பார்த்தது உண்மை. உடனே என்னை நானே திட்டிக்கொண்டு மறுபடியும் அழுதேன்.

அழுதது போதாதென்று நானும் ஓர் அஞ்சலி எழுதினேன். 'ஐயா, நீங்கள் இல்லாத கம்பெனியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.' கண்ணீரில் யாருடைய பெயரில் எழுதுகிறேன் என்று கவனிக்கவில்லை. அது கம்பெனியின் பெயரிலேயே போய் விழுந்தது. அதுவரைக்கும் 'செய்தி உண்மையா?' என்று கேட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் அதோடு நம்பிவிட்டார்கள்.

கண்டியில் இறங்கி, இருந்த காசுக்குப் பெரிதாக ஒரு மாலை வாங்கிக்கொண்டு, அம்பிட்டியவில் இருந்த முதலாளி வீட்டுக்கு முச்சக்கர வண்டி பிடித்தேன். மேட்டு ஒழுங்கை முழுக்க வாகனங்கள். கேட்டடியில் செருப்புக் குவியல். மாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விசும்பியபடி உள்ளே போனேன்.

முற்றத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில், உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு துண்டோடு மாணிக்கம் முதலாளி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் முப்பது பேர்.

"என்னா புள்ள, நீயும் வந்துட்டியா?" என்றார்.

நடந்ததைப் பிறகு அவருடைய மனைவி சரோஜா அம்மா சொன்னார். சனிக்கிழமை என்றால் முதலாளி போனை அணைத்துவிட்டு, நல்லெண்ணெய் தேய்த்து, பின் விறாந்தையில் பாய் போட்டுக் கண்ணை மூடிப் படுத்துவிடுவார். எண்ணெய் ஊறும் வரைக்கும் அசைய மாட்டார். முதலில் ஓடி வந்தவர் வத்தேகம சந்தையில் வெங்காயம் விற்கிற ஹாஜியார், முப்பது வருடச் சிநேகிதர். வாசலில் யாரும் இல்லாததால் வீட்டைச் சுற்றிப் பின்னால் போயிருக்கிறார். பாயில் பளபளவென்று கிடந்த நண்பரைப் பார்த்துக் கதறியிருக்கிறார். சத்தம் கேட்டு முதலாளி எழுந்து உட்கார, ஹாஜியார் குடையைப் போட்டுவிட்டுத் துளசி மாடம் வரைக்கும் பின்பக்கமாகவே ஓடினாராம்.

"அல்லாவே! மாணிக்கம், நீங்க மவுத்தாகலியா?"

"யாரு மவுத்து?"

"நீங்கதான்! ஒங்கட கம்பெனியே சொல்லுதே! சந்தக் கட வாசல்லயெல்லாம் துக்கத்துக்கு வெள்ளக் கொடியும் கட்டியாச்சு!"

அதன் பிறகு குளிக்கப் போக முதலாளிக்கு நேரமே கிடைக்கவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. சுதர்சன் அண்ணன் குதித்து இறங்கி, "அப்பா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தார். எண்ணெயில் வழுக்கி இரண்டு தரம் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "நம்ம பக்கத்துலயே போட்டிருக்குன்னா வீட்டுல சொல்லித்தானே போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

அவர் 'பக்கம்' என்று சொன்ன நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் மாலையைப் பார்த்தேன். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒனக்கு அறிவிருக்கா?" என்று சுதர்சன் அண்ணன் தொடங்கினார். "கறுப்புக் கோடு, குத்துவெளக்கு, மேலதிக விபரம் வேற! செவ்வாக்கெழம வரைக்கும் இருக்க வேணாம். இப்பவே கெளம்பு."

கிளம்பலாம் என்று திரும்பினால் கையில் மாலை. அதை உள்ளே எடுத்துப் போவதா, வெளியே கொண்டு போவதா, கீழே வைப்பதா என்று தெரியாமல் வாசல்படியில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன். ஒரு பெரியம்மா, "செத்த வீட்டு மாலய திருப்பி எடுத்துட்டுப் போகாத" என்றார். இன்னொருவர், "உசுரோட இருக்கிற வீட்டுக்குள்ள கொண்டு வராத" என்றார்.

அப்போது சரோஜா அம்மா சமையலறையிலிருந்து வந்தார். அறை விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

"சுதர்சன், வாய மூடு. ஒங்க அப்பாவுக்கு இந்த வருசம் கண்டம் இருக்குன்னு சோசியர் சொன்னாரு. நான் யாருகிட்டயும் சொல்லல. ஆறு மாசமா தூக்கமில்ல எனக்கு. இப்ப ஊர் பூரா அவரு செத்துட்டாருன்னு அழுதாச்சு, கொடி கட்டியாச்சு, மாலயும் வந்தாச்சு. கண்டம் கழிஞ்சிருச்சு! இந்தப் புள்ளய நீ அனுப்புனா நானும் கூடப் போயிருவேன்."

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. முதலாளி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். ஆறு மாதம் அவர் தூங்காதது அன்றைக்குத்தான் அந்த மனிதருக்குத் தெரியும். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை சரியான காரணத்துக்காக.

சரோஜா அம்மா மாலையை வாங்கி, கணவரின் தலையைச் சுற்றி மூன்று தரம் சுற்றி, என்னிடமே தந்து, "முச்சந்தியில போட்டுட்டு திரும்பிப் பாக்காம வா" என்றார். (திரும்பியே வராமல் அப்படியே பஸ் ஏறலாமா என்றும் ஒரு கணம் யோசித்தேன்.) நான் வந்தபோது முதலாளி குளித்து முடித்து, கண்ணாடியைக் காணவில்லை என்று போனை என்னிடம் நீட்டினார்.

"வாசி. ஒன்னையும் விடாத."

சாயங்காலம் வரைக்கும் அனுதாபங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். எங்கேயோ ஒருவர், 'தூளில் உப்புக் கூடத்தான், ஆனால் தங்கமான மனிதர்' என்று எழுதியிருந்தார். முதலாளி அதை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு அவர் உயிரோடு இருக்கிறார் என்று கலர்ப் படத்தோடு ஓர் அறிவித்தல் போட்டோம். நாற்பத்தொரு பேர்தான் பார்த்தார்கள். அதில் அவருக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான்.

சந்தைக் கடைகளின் முன்னால் தொங்கிய வெள்ளைக் கொடிகளைத் திங்கட்கிழமை நானே ஏணி வைத்து அவிழ்த்தேன். செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. இனிமேல் எந்தப் பதிவும் சரோஜா அம்மா பார்த்த பிறகே போக வேண்டும் என்று அடியில் கையால் ஒரு வரி எழுதியிருந்தது.

கதை தோட்டம் வரைக்கும் போய்ச் சேர்ந்தபோது நான் டிவியில் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் மதிப்புக் குறையவில்லை, கூடிவிட்டது. ஏழரைச் சனி, அட்டமத்துச் சனி என்று யார் வீட்டில் பேச்சு வந்தாலும், "அந்தப் புள்ளகிட்டச் சொல்லி ஒரு படம் போட்டுருங்க" என்று சிரிக்கிறார்கள். சிரிப்புக்கு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அம்மா சிக்னல் கிடைக்கிற வளைவு வரைக்கும் நடந்து போய் எனக்குப் போன் செய்தார்.

"ஒங்கப்பாவுக்குச் சாதகத்துல ஏதோ இருக்காம்டி. வெள்ளச் சட்ட போட்டு காலயில இருந்து சொவத்துப் பக்கம் நிக்கிறாரு. வந்து எடுத்துட்டுப் போ."

"அம்மா, வெளையாடாதீங்க."

"வெளையாடல. ஒன்னு மட்டும் கண்டிசனாச் சொல்லச் சொல்றாரு. மாணிக்கம் மொதலாளிக்கு எழுதுனத விட ரெண்டு வரி கூட இருக்கணுமாம்."